கொசு அறையில் இருவர்

பெலிசித்தே சானு அன்று ஆய்வகத்துக்குக் கதவைப் பார்க்கத்தான் வந்தாள். கொரோதுகு கிராமத்தில் போன மாதம் நடந்த கூட்டத்தில் ஊரார் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருந்தார்கள். மரபணு மாற்றிய கொசுவை எங்கள் ஊரில் விடுவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்யும் முன்பே அது தானாக வெளியே வந்துவிடாது என்பதற்கு என்ன நிச்சயம்? ஆய்வகத்தார் திரை கட்டிப் படம் காட்டினார்கள். படத்தில் எந்தக் கதவும் நன்றாகத்தான் பூட்டும், எங்கள் ஆள் ஒருத்தர் வந்து பார்க்கட்டும் என்றது ஊர். சோள பீர் காய்ச்சி விற்கும் பெலிசித்தேயைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அவளுக்கு ஐம்பத்துநாலு வயது. ஊரில் பாதிப் பேர் அவள் முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பவர்கள். மீதிப் பேர் அவள் வாய்க்குப் பயந்தவர்கள்.

அவளை உள்ளே அழைத்துப் போகும் வேலை ஜெனெபாவுக்கு வந்தது. போபோ நகரத்தின் ஓரத்தில் இருக்கும் இந்த ஆய்வகத்தில் ஒன்பது வருடமாகக் கொசு வளர்ப்பவள் அவள்.

"உன் பேர் என்ன?" என்றாள் பெலிசித்தே, வெள்ளைக் கோட்டைத் தலைவழியாக மாட்டிக்கொண்டே.

"ஜெனெபா சிதிபே."

"சிதிபேயா? ஃபுலானியா நீ? அது சரி, மாடு மேய்க்கத் தெரியலேன்னு கொசு மேய்க்க அனுப்பிட்டாங்களா?"

போபோ இனத்தாருக்கும் மாடு மேய்க்கும் ஃபுலானி இனத்தாருக்கும் நடுவே தலைமுறை தலைமுறையாக வரும் கேலி உறவு இது. யார் யாரை என்ன சொன்னாலும் மற்றவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. பதில் சொல்லாமல் விட்டால்தான் மரியாதைக் குறைவு.

"ஊர்ல இருக்கிற சோளத்தை எல்லாம் போபோக்காரங்க காய்ச்சிக் குடிச்சிட்டீங்க. மாடு எதைத் தின்னும்? அதான் இதுக்கு வந்துட்டேன் அக்கா."

வாசலில் இருந்த காவல்காரர் கார்ஃபா வாய்விட்டுச் சிரித்தார். பெலிசித்தேவுக்கும் பிடித்துப்போயிற்று. கைப்பையை அலமாரியில் வைக்கச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் தயங்கினாள்.

"பத்து மணிக்கு ஒரு மாத்திரை போடணுமே. ரத்தக் கொதிப்புக்கு."

"பையோட உள்ள போக விடமாட்டாங்க. கால் மணி நேரத்துல வந்துருவோம் அக்கா."

முதல் கதவு திறந்து மூடிய பிறகுதான் இரண்டாவது கதவு திறக்கும். நடுவே ஆள் நிற்க மட்டும் இடமுள்ள கூண்டு. மேலே மின்விசிறி காற்றைக் கீழே அடித்துக்கொண்டிருந்தது. வெளியே வரும்போது கோட்டில் கொசு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சுவரில் கண்ணாடி. பெலிசித்தே இரண்டு கதவுகளையும் கை முட்டியால் தட்டிப் பார்த்தாள், ரப்பர் விளிம்பில் விரலை ஓட்டினாள், திருப்திப்பட்டாள்.

உள் அறை மழைக்காலத்து மதியம் போல வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது. ஜன்னல் கிடையாது. நடைபாதையைப் பார்க்க ஒரு தடித்த கண்ணாடிச் சட்டம் மட்டும் சுவரில் பதித்திருந்தது. இரும்பு அடுக்குகளில் வலைக்கூடுகள், கீழ்த்தட்டுகளில் புழு நெளியும் நீர்த் தட்டுகள். ஜெனெபா ஒரு தட்டை எடுத்து விளக்கின் கீழே பிடித்து, கண்ணில் வைத்துப் பார்க்கச் சிவப்புக் கண்ணாடி கொடுத்தாள். புழுக்கள் ஒவ்வொன்றும் அடுப்புத் தணல் போல ஒளிர்ந்தன.

"இந்த ஒளி இருந்தா மாத்தின புழு, இல்லேன்னா ஊர்ப் புழு. அடையாளத்துக்கு வெச்சது."

"மாத்தினா என்ன ஆகுது?"

"ஆண் கொசுவோட விந்துல பாதி பொண்ணு பிறக்கிறதுக்கு, பாதி ஆண் பிறக்கிறதுக்கு. பொண்ணு பிறக்கிற பாதியை வெட்டிப் போடுற மாதிரி ஒண்ணை இதோட மரபணுவில சேர்த்திருக்காங்க. அதனால இதுக்குப் பிறக்கிறதெல்லாம் அநேகமா ஆண். ஆண் கடிக்காது. பொண்ணு குறையக் குறைய..."

"பொண்ணு பிறக்காத குடும்பம் எப்படி விளங்கும்?"

"விளங்கக் கூடாதுன்னுதானே அக்கா பண்றோம்."

பெலிசித்தே சிரிக்கவில்லை. கூட்டுக்குள் பறப்பவற்றைக் குனிந்து பார்த்தாள். "எனக்கு ரெண்டு பிள்ளை போச்சு இதுங்க குடுத்த மலேரியாவால," என்றாள். "பெரியவனுக்கு அஞ்சு வயசு. அடுத்தவ நடக்கவே ஆரம்பிக்கல." பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். "சரி, கதவைப் பார்த்துட்டேன். போலாம்."

அப்போதுதான் மின்சாரம் போனது.

இருட்டில் பெலிசித்தே ஒரு அடி பின்வாங்கினாள். அவள் இடுப்பு அடுக்கில் இடித்தது. மேல்தட்டில் இருந்த இரண்டு பெரிய கூடுகள் சரிந்து விழுந்தன. சில நொடிகளில் ஜெனரேட்டர் உறுமியது, விளக்கு ஒருமுறை கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்து அணைந்தது, கதவுக்கு மேலே எதுவோ படபடவென்று பொரிந்தது. பிறகு சுவரோரத்து அவசர விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தது. ஜெனெபா கீழே பார்த்தாள். இரண்டு கூடுகளின் வலையும் கிழிந்திருந்தது. அறுநூறு கொசுவாவது இருக்கும். அறை முழுக்க ரீங்காரம்.

கதவுப் பொத்தானை அழுத்தினாள். அசையவில்லை. கதவை இயக்கும் மின் போர்டு எரிந்திருந்தது, தாழ் பூட்டியபடி நின்றுவிட்டது. இப்படி நடந்தால் திறப்பதற்கென்றே கதவின் உள்பக்கம் சிவப்பு நிறத்தில் ஒரு கைப்பிடி உண்டு. அதை இழுத்தால் தாழ் விலகும். ஜெனெபா இழுத்தாள். இன்னும் பலமாக இழுத்தாள். கைப்பிடி துருவோடு உடைந்து அவள் கைக்கு வந்தது.

மாதம் ஒருமுறை அந்தக் கைப்பிடியை இழுத்துப் பார்க்க வேண்டும். அதற்காக எல்லாக் கூடுகளையும் அடுத்த அறைக்கு மாற்ற வேண்டும், அரைநாள் போகும். மூன்று மாதமாக ஜெனெபா இழுத்துப் பார்க்கவில்லை. சரிபார்த்தேன் என்று மட்டும் மூன்று முறை கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"என்ன, திறக்கலியா?" என்றாள் பெலிசித்தே.

"கொஞ்ச நேரம் ஆகும்."

"எவ்வளவு கொஞ்சம்?"

ஜெனெபா மறுபடியும் கதவுப் பொத்தானை அழுத்தினாள்.

கண்ணாடிச் சட்டத்துக்கு அந்தப் பக்கம் கார்ஃபா வந்து நின்றார். கையில் பெலிசித்தேயின் பை. மாத்திரைப் பட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினார். இரண்டு முழம் தூரம்தான். எறும்பு நுழையவும் வழி இல்லாமல் ரப்பரும் பசையும் வைத்து அடைத்த அறை அது. அப்படி அடைத்ததில் ஜெனெபாவுக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு இடுக்காக அவள்தான் விளக்குப் பிடித்துக் காட்டினாள்.

தலைமை விஞ்ஞானி டாக்டர் ஸொங்கோ தலைநகர் வாகதுகுவில் ஒரு கூட்டத்தில் இருந்தார். கார்ஃபா கைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடிக்க, அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"போர்டை எடுத்துக்கிட்டு ஆள் கிளம்பியாச்சு ஜெனெபா. மூணு மணிக்குள்ள வந்துருவாங்க. கண்ணாடியை உடைச்சிராத. ஒண்ணு வெளிய போனாலும் நம்ம உரிமம் போயிரும்."

"சார், கூட வந்த அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. உள்ள ஏசி இல்ல."

"தெரியும். தண்ணி குடுத்துக்கிட்டே இரு. இன்னொண்ணு, அவசரப் பெட்டியில இருக்கிற கொசு மருந்தை அடிச்சிராத. கூட்டுல இருக்கிறதும் சேர்ந்து செத்துப்போகும். அந்த வம்சம் நம்ம நாட்டுல வேற எங்கயும் இல்ல."

அப்போது மணி பத்தேகால்.

புழுக்கம் ஏறிக்கொண்டே போனது. அடுக்கு ஆடியதில் தட்டுகளிலிருந்து கீழே கொட்டிய நீர் ஆவியாகி மூச்சை அடைத்தது. கொசுக்கள் கடித்தன. வலை கிழிந்து வெளியே வந்தவற்றில் பெண் கொசுக்களும் நிறைய இருந்தன. வம்சம் நீள வேண்டுமென்று மாற்றாத ஊர்ப் பெண் கொசுக்களையும் கூட்டில் சேர்த்துவிடுவார்கள். பெலிசித்தே முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"இதுங்க கடிச்சா எனக்கு என்ன ஆகும்?"

"அரிக்கும். அவ்வளவுதான். காய்ச்சல் கிருமி இதுங்ககிட்ட இல்ல."

"அந்த வெட்டுற சமாச்சாரம் என் உடம்புக்குள்ள போகாதா?"

"போகாது அக்கா. கோழிக்கறி தின்னா உங்களுக்கு இறக்கை முளைக்குதா?"

"ஃபுலானிகிட்ட பதில் எல்லாம் ரெடியா இருக்கு. கதவுதான் இல்ல."

அறையில் மின்சாரக் கொசு மட்டை இரண்டு இருந்தன. தப்பிய கொசுவை அடிக்க வைத்தவை. இருவரும் ஆளுக்கொன்று எடுத்து வீச ஆரம்பித்தார்கள். கொசுக்கள் பொரிந்து விழுந்தன. எல்லாவற்றையும் அடித்து முடித்துவிட்டால் கண்ணாடியை உடைக்கலாம், கூடுகளும் பிழைக்கும் என்று ஜெனெபா மனதுக்குள் கணக்குப் போட்டாள். இருநூறு போலக் கொன்றிருப்பார்கள். முதலில் ஒரு மட்டை மின்கலம் தீர்ந்து நின்றது, கொஞ்ச நேரத்தில் மற்றதும் நின்றது. நீர்த் தட்டுகளிலிருந்து புதிதாக எழுந்தவை சுவரில் வந்து உட்கார்ந்தன.

பதினொன்றரைக்குப் பெலிசித்தே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்மண்டை இடிக்கிறது என்றாள். ஜெனெபா அவள் கோட்டை நனைத்துத் தலையில் போட்டாள். கண்ணாடிக்கு அப்பால் இப்போது ஏழெட்டுப் பேர். இரும்புக் கதவுகள் அசையாததால் தீயணைப்பு வீரர் இருவர் கோடரியோடு கண்ணாடி முன்னால் நின்றார்கள். கார்ஃபா சட்டத்தைச் சுற்றிக் கொசுவலையை இரண்டு மடிப்பாக ஒட்டிக்கொண்டிருந்தார். ஆள் நுழைந்து வரும்போது வலை விலகத்தான் செய்யும் என்பது அவருக்கும் தெரியும். ஸொங்கோவின் குரல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து அதையே சொல்லிவிட்டுப் போனது.

"உடைச்சிரலாமா அக்கா?" என்றாள் ஜெனெபா.

"வேணாம்." மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "ஒரு கொசு வெளிய போச்சுன்னா எங்க ஊர் சம்மதிக்காது. நானே சம்மதிக்க மாட்டேன். எதுக்கு வந்தேன் நான்?"

"அப்போ காத்திருப்போம்."

"ம்."

பன்னிரண்டரை மணிக்கு அவள் இடது கை மரத்துப்போனதாகச் சொன்னாள். வார்த்தைகள் குழறின. கண்ணாடி வழியே கார்ஃபா மாத்திரைப் பட்டையை இன்னும் பிடித்துக்கொண்டே நின்றார், கீழே வைக்க மனம் வராமல்.

"ஏய் ஃபுலானி," என்றாள் பெலிசித்தே. "நான் இங்க செத்தா ஊர்ல என்ன சொல்வாங்க தெரியுமா? ரத்தக் கொதிப்புன்னு ஒருத்தன் சொல்லமாட்டான். கொசு கொன்னுருச்சும்பான்."

ஜெனெபா எழுந்து பெட்டியைத் திறந்தாள். மருந்துக் குப்பிகள் இரண்டு. கைபேசியில் ஸொங்கோ என்னவோ கத்தியது கேட்டது. அவள் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். இரண்டு கோட்டையும் நீரில் முக்கி, பெலிசித்தேயின் முகத்தை மூடி, தரையோரமாகப் படுக்க வைத்தாள். இருபத்தொன்பது தலைமுறைக் கொசு வம்சம். முதல் முட்டைகள் நாலு வருடத்துக்கு முன் ஈரப் பஞ்சில் சுற்றி விமானத்தில் வந்தன. ரமதான் பண்டிகை அன்றும் அவள் வந்து தீனி போட்டிருக்கிறாள். பிள்ளைக்கு அம்மை கண்டபோதும் வந்திருக்கிறாள். ஒவ்வொரு கூட்டின் முன்னும் நின்று, வலைக்குள் குழாயை நீட்டி, அழுத்தினாள். பிறகு மூலைகள், கூரை, தட்டுகள். இரண்டாவது குப்பியும் தீர்ந்ததும் பெலிசித்தேயின் பக்கத்தில் கவிழ்ந்து படுத்தாள்.

முதலில் ரீங்காரம் பெரிதானது. பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்தது. அவள் முதுகிலும் பிடரியிலும் என்னவோ உதிர்ந்துகொண்டே இருந்தது. கால் மணி நேரம் எண்ணினாள். எழுந்து பார்த்தபோது வெள்ளைக் கோட்டெல்லாம் கறுப்புப் புள்ளி. எதுவும் பறக்கவில்லை. தட்டுகளில் மிச்சமிருந்த புழு நீரில் ப்ளீச்சை ஊற்றினாள். தீயணைப்பு உருளையை எடுத்துக் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். மூன்றாவது அடியில் உடைந்தது. நாலு பேர் சேர்ந்து பெலிசித்தேயை வெளியே இழுத்தார்கள்.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தாள், இடது கைப் பிடி மட்டும் கொஞ்சம் தளர்ந்தது.

விசாரணை பத்து நாள் கழித்து நடந்தது. அதற்கு முன்னால் ஸொங்கோ ஜெனெபாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தப் போனார். அவள் முகத்தைப் பார்த்து திறந்தபடியே விட்டுவிட்டார்.

"நான் சொன்னதை நீ கேட்கல. இருந்தாலும் ஒரு கொசுகூட வெளிய போகலேன்னு விசாரணைக் குழு எழுதப் போறாங்க. அது நமக்கு நல்ல பேர். ஆனா கைப்பிடியைச் சரிபார்த்தியான்னு கேட்பாங்க."

"பார்க்கல சார்."

"துரு பிடிச்சு உடைஞ்சுது. அதோட விடு."

"மூணு மாசமா கையெழுத்து மட்டும் போட்டேன்."

"அதை நீ சொல்லாட்டா யாருக்கும் தெரியாது. சொன்னா உனக்கு மட்டும் தண்டனை இல்லம்மா. எல்லாருக்கும்."

அவர் சொன்னது சரிதான் என்று ஜெனெபாவுக்குத் தெரிந்தது. உண்மையை எழுதிக் கொடுக்காவிட்டால் மற்ற அறைகளின் கைப்பிடிகளை யாரும் இழுத்துப் பார்க்கப் போவதில்லை என்பதும் தெரிந்தது. குழுவுக்கு எழுதிக் கொடுத்தாள். மற்ற அறைகளைச் சோதித்தபோது இன்னும் இரண்டு கைப்பிடிகள் உடைந்து வந்தன. ஆய்வகத்துக்கு ஐந்து மாதம் பூட்டு. கார்ஃபாவின் வேலை போயிற்று. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. சந்தையில் ஜெனெபாவுக்கு எதிர்ப்பட்ட சக ஊழியர்கள் காய்கறியைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். ஜெனெபாவை வேலையை விட்டு எடுக்கவில்லை. புது முட்டை வந்தால் வளர்க்கத் தெரிந்தவள் வேண்டும். அதுவரை எந்தக் கிராமத்துக்கும் போகக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, மீறினால் திரும்ப வர முடியாது என்று தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் அவளால் குளியலறைக் கதவைச் சாத்த முடியவில்லை. கொசுவலைக்குள் படுத்தால் மூச்சு முட்டியது. வலைக்கு வெளியே, புருஷனின் புலம்பலைக் கேட்டுக்கொண்டு, கடிபட்டபடி படுத்தாள்.

ஆகஸ்டில் ஒரு காலை பெலிசித்தே ஜெனெபா வீட்டு வாசலில் வந்து நின்றாள். மடியில் அவித்த வேர்க்கடலைப் பொட்டலம். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"ஊர்ல என்ன அக்கா சொன்னீங்க?"

"பார்த்ததைச் சொன்னேன். பூட்டுது, திறக்கலேன்னேன்." கடலையை உரித்துக்கொண்டே இருந்தாள். "என் பீரை யாரும் வாங்குறதில்ல இப்போ."

"ஏன்?"

"கொசு என்னை மாத்திருச்சாம். என் கை பட்டதைக் குடிச்சா பொண்ணு பிறக்காதாம். என் மருமக முழுகாம இருக்கா. பேத்தி பிறக்காதுன்னு இப்பவே துக்கம் கேட்டுட்டுப் போறாளுங்க. கோழிக்கறி, இறக்கை எல்லாம் நானும் சொல்லிப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரி எனக்கு வரல." நிமிர்ந்து பார்த்தாள். "சந்தை நாள் அன்னிக்கு வா. வந்து என் முற்றத்துல உட்காரு. உன்னையும்தானே கடிச்சுது."

"நான் வரக் கூடாது அக்கா. எழுதிக் குடுத்திருக்கேன்."

"ஓ," என்றாள் பெலிசித்தே. கடலை தீரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

சந்தை நாள் அன்று ஜெனெபா பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தாள். கொரோதுகு போகிற வழியெல்லாம் சேறு. பெலிசித்தேயின் முற்றத்தில் மூன்று பானை நிறையப் பீர் நுரைத்துக்கொண்டிருந்தது, பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. ஜெனெபா நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் குடிப்பவள் அல்ல. கேட்பவர்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வந்திருந்தாள். யாரும் வந்து கேட்கவில்லை. மண் சுவருக்கு மேலே தலைகள் எட்டிப் பார்த்தன, கைபேசியில் ஒருவன் படம் எடுத்தான். அந்தப் படம் சாயங்காலத்துக்குள் ஸொங்கோவிடம் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

மதியம் தாண்டி ஒரு கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"போபோ வீட்டு பெஞ்சுல ஃபுலானியா? மாட்டைத் திருட வந்தியா?"

"இல்ல பெரியப்பா. அடிமைங்க ஒழுங்கா வேலை செய்றாங்களான்னு பார்க்க வந்தேன்."

கிழவர் சிரித்தபடி எதிரே உட்கார்ந்தார். "என் வயசுக்கு இனிமே எந்தப் பொண்ணு பிறக்கப் போகுது? ஊத்து," என்று பெலிசித்தேயிடம் கையை நீட்டினார்.

பெலிசித்தே வலது கையால் பானையைச் சாய்த்து, இடது கையால் சுரைக்குடுவையைத் தாங்கினாள். பிடி தளர்ந்து கொஞ்சம் சிந்தியது. ஜெனெபா எழுந்து போய்க் குடுவையின் அடியைப் பிடித்துக்கொண்டாள். சுவருக்கு அப்பால் தலைகள் அப்படியே இருந்தன. ஒருவரும் உள்ளே வரவில்லை, ஒருவரும் போகவும் இல்லை.